சயாமில் இறந்தவர்களுக்காகப் பழிவாங்காமல் விட்டது தவறா?

பினாங்கில் பிறந்து இப்போது கோலாலம்பூரில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண் என்னிடம் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய கொள்ளுத்தாத்தா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து, போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர், திரும்பி வரவில்லை. போர் முடிந்த மறு ஆண்டு, சரணடைந்த ஜப்பானியச் சிப்பாய்கள் பிரிட்டிஷ் காவலில் தோட்டத்தை ஒட்டிய சாலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தபோது, விதவையாகிவிட்ட கொள்ளுப்பாட்டி அவர்களுக்குத் தண்ணீரும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொடுத்தாராம். குடும்பத்தில் ஒரு சாரார் இதை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்; மற்றொரு சாரார் செத்தவருக்கு இழைத்த துரோகம் என்கிறார்கள். தோற்றுப்போன எதிரிக்கு இரங்குவது உயர்ந்த குணமா, அல்லது பழிவாங்க வலுவில்லாதவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதலா என்று அவர் கேட்கிறார்.

கொள்ளுப்பாட்டி செய்தது சரி என்பதே என் முடிவு. ஆனால் இரு சாராரும் சண்டையிடுவதற்குக் காரணம், வெவ்வேறான இரண்டு செயல்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் என்று நினைக்கிறேன். கையில் அகப்பட்ட எதிரியின் உயிரையும் உடலையும் விட்டுவைப்பது ஒரு செயல். அவன் தரப்பு செய்ததற்கு என்ன கணக்கு என்று கேட்காமலே விட்டுவிடுவது வேறொரு செயல். மலாயாத் தமிழர் வரலாற்றில் முதற்செயலைச் செய்தவர்கள் பெரும்பாலும் இழந்தவர்கள். இரண்டாவதைச் செய்தவர்கள் தாங்கள் எதையும் இழக்காத அரசுகளின் பேராளர்கள். முன்னவர்களின் பெருந்தன்மையைச் சொல்லிப் பின்னவர்களின் அலட்சியத்தை மறைத்துவிடக் கூடாது.

இழப்பைச் சிறிதாக்கிவிட்டால் இரக்கத்தைப் பற்றிப் பேசுவது மிக எளிதாகிவிடும். ஆகவே இழப்பின் அளவிலிருந்து தொடங்குகிறேன். தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு, மலையும் காடும் ஊடறுத்து, 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் அந்தப் பாதை முடிக்கப்பட்டது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை வாங்கப்பட்டனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். உலகம் பெரும்பாலும் அறிந்திருப்பது இவர்களைத்தான். அதே பாதையில் ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சம் பேருக்கு மேல் உழைத்தனர் என்பதும், அவர்களில் இறந்தோர் தொகை ஒரு லட்சத்தை நெருங்கியிருக்கும் என்று மதிப்பிடப்படுவதும், மலாயாவிலிருந்து போன சுமார் 75,000 பேரில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர் என்பதும் இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெளிவாகத் தெரியாது. ரப்பர் ஏற்றுமதி நின்று, அரிசி கிடைக்காமல், தோட்டங்கள் பட்டினியில் கிடந்த காலம் அது. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்ற வாக்குறுதியை நம்பிச் சிலர் தாமாகவே போனார்கள். ஆள் சேராதபோது தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டுக் கங்காணிகள், கிராணிகள் (தோட்டத்து எழுத்தர்கள்) வழியாகப் பிடித்து அனுப்பினார்கள். போர்க்கைதிகளிடம் படைக்கட்டுப்பாடும் சொந்த மருத்துவர்களும் இருந்தனர். நம்மவர்களிடம் இரண்டும் இல்லை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக மடிந்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு பழிவாங்கும் எண்ணம் எழுவது இயல்பு. அதை இழிவாகப் பேசும் உரிமை எனக்கோ உங்களுக்கோ இல்லை. ஆயினும் பழிவாங்கல் நடந்தபோது அது யார் தலையில் விழுந்தது என்பதை 1945 ஆம் ஆண்டின் மூன்று நான்கு வாரங்கள் நமக்குக் காட்டிவிட்டன. ஜப்பானியப் பேரரசர் ஆகஸ்டு 15 ஆம் தேதி சரணடைவை அறிவித்தார். பினாங்கில் ஜப்பானியக் கடற்படைத் தளபதி உவொசுமி நெல்சன் என்ற போர்க்கப்பலில் கையெழுத்திட்டது செப்டம்பர் 2 ஆம் தேதி. பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் கரையிறங்கியது அதற்கு மறுநாள். கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் மண்டபத்தில் 29 ஆம் படையின் சரணடைவு நடந்தது செப்டம்பர் 13 ஆம் தேதி. இடைப்பட்ட நாட்களில் நாட்டின் பல பகுதிகளில் அரசே இல்லை. ஜப்பானியர் ஆயுதங்களோடு தங்கள் பாளையங்களுக்குள் ஒதுங்கிக்கொண்டனர்; பிரிட்டிஷார் வரும்வரை ஒழுங்கைக் காக்கும் பொறுப்பும் அவர்களிடமே விடப்பட்டிருந்தது. ஆக, கொடுமை செய்தவன் கைக்கெட்டவில்லை.

கைக்கெட்டியவர்கள் யார்? காட்டிலிருந்து வெளிவந்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர், மக்கள் மூன்று நட்சத்திரப் படை என்று அழைத்தவர்கள், சிறு நகரங்களையும் கம்போங்களையும் (மலாய்க் கிராமங்களையும்) பிடித்துக்கொண்டு மக்கள் நீதிமன்றம் என்ற பெயரில் விசாரணை நடத்தினார்கள். ஆட்காட்டிகள், உள்ளூர்ப் போலீஸ்காரர்கள், ஊர்த்தலைவர்கள், ஜப்பானியரோடு வாணிகம் செய்தவர்கள், ஜப்பானியரோடு வாழ்ந்த பெண்கள் என்று இழுத்துவரப்பட்டவர்களில் உண்மையான குற்றவாளிகளும் இருந்தனர். பழைய கடன்பகையால் மாட்டிவிடப்பட்டவர்களும் இருந்தனர். சாட்சியத்தைச் சரிபார்க்க நேரமும் இல்லை, நாட்டமும் இல்லை. ஜோகூரின் பத்து பகாட், மூவார் பகுதிகளிலும் பேராக்கின் சுங்கை மானிக்கிலும் இது மலாய்க்காரர், சீனர் இனமோதலாக வெடித்தது. ஜப்பானியன் செய்த கொடுமைக்குக் கேட்ட பழி, ஒரு மலாய்ப் போலீஸ்காரனின் கம்போங்கிலும் அதற்கு எதிர்வினையாக ஒரு சீனக் குடியானவனின் வீட்டிலும் போய் முடிந்தது. அதற்கு எந்த ஜப்பானியத் தளபதியும் விலை கொடுக்கவில்லை. அந்த வாரங்களில் ஊறிய அச்சம் பின்னாளில் இந்நாட்டு அரசியலில் எத்தனை முறை தலைதூக்கியது என்பதை இங்கே வாழ்கிற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பழிவாங்கலுக்கு எதிராக நான் சொல்லக்கூடிய முதற்காரணம் இதுதான், அறநூல்களிலிருந்து எடுத்தது இல்லை. பழி குறி பார்த்து விழுவதில்லை. மழைநீர் பள்ளம் பார்த்து ஓடுவது போல அருகில் இருக்கிற, எளிதில் அகப்படுகிற, திருப்பி அடிக்க முடியாத ஆளைத் தேடிப் போகிறது. உங்கள் கொள்ளுப்பாட்டியின் முன்னால் சாலையோரத்தில் மண்வெட்டியோடு நின்ற சிப்பாய், கொள்ளுத்தாத்தாவை லாரியில் ஏற்றியவனாக இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ரயில் பாதைத் திட்டத்தை வகுத்தவர்கள் தோக்கியோவிலும் சிங்கப்பூரிலும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மண்வெட்டிக்காரனைக் கல்லால் அடித்திருந்தால் அவருடைய மனத்தின் கொதிப்பு ஒரு வேளை தணிந்திருக்கலாம். கணவரின் சாவுக்கும் அந்த அடிக்கும் ஒரு தொடர்பும் இருந்திராது.

அப்படியானால் குற்றம் செய்தவனையே அடையாளம் கண்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பேராக்கின் பாப்பானில் மருந்தகம் நடத்திய சிபில் கார்த்திகேசு அம்மையாரின் வரலாறு இதற்கு விடை தருகிறது. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவர் கார்த்திகேசுவின் மனைவியான அவர், காட்டிலிருந்த எதிர்ப்புப் படையினருக்கு இரகசியமாக மருத்துவம் பார்த்ததற்காக 1943 இல் பிடிபட்டு, ஜப்பானியப் படைப்போலீஸான கெம்பித்தாயின் கையில் மாதக்கணக்காகச் சித்திரவதைப்பட்டார். அவரைப் பேசவைக்க அவருடைய சிறுமகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டப்போவதாக மிரட்டிய சார்ஜண்ட் யோஷிமுரா, போர் முடிந்தபின் ஈப்போ போர்க்குற்ற நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டான். ஜார்ஜ் பதக்கம் பெற்ற சிபில் அம்மையார், சித்திரவதையின் காயங்கள் ஆறாமலே 1948 இல் பிரிட்டனில் காலமானார். தூக்குத் தண்டனை எனக்கு உடன்பாடானது இல்லை. ஆனாலும் பெயரும் செயலும் சாட்சியும் சரிபார்க்கப்பட்டு, தற்காப்புக்கு வாய்ப்பும் கொடுக்கப்பட்டு வழங்கப்பட்ட தீர்ப்பையும், மூன்று நட்சத்திரப் படை மைதானத்தில் ஐந்து நிமிடத்தில் வழங்கிய தீர்ப்பையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. இரக்கம் காட்டுவதென்றால் யோஷிமுராக்களை விசாரிக்கக் கூடாது என்று பொருளாகாது.

பினாங்கில் 1946 இல் நடந்த கெம்பித்தாய் விசாரணையும் இவ்வகையைச் சேர்ந்தது. முகத்தை மூடிய ஆட்காட்டி கைகாட்டினால் போதும் என்று ஆண்களை வரிசையிலிருந்து இழுத்துப்போன அதே அமைப்பினர், இம்முறை பெயர் பெயராகக் குற்றம் வாசிக்கப்பட்டு நின்றனர். ஆனால் இந்த விசாரணைகளிலும் ஓர் ஓட்டை இருந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. ரயில் பாதை தொடர்பாகச் சிங்கப்பூரில் நடந்த வழக்குகள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளைப் பற்றியவை. தண்டனை பெற்றவர்களிலும் கீழ்நிலையில் இருந்த கொரியக் காவலர்கள் கணிசமானவர்கள். அவர்களே ஜப்பானியரால் அடிமைப்படுத்தப்பட்ட நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். லீ ஹாக்-ரே என்ற கொரியக் காவலருக்கு 1947 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் 20 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1991 இல் அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய், தம் காவலில் இருந்த அறுவை மருத்துவர் எட்வர்ட் டன்லப்பை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டார். தூக்கு நிறைவேறியிருந்தால் அந்தச் சந்திப்பு நடந்திராது.

அடுத்து, நம்மவர்கள் பலர் பேசத் தயங்கும் ஒரு பக்கத்துக்கு வருகிறேன். 1945 இல் மலாயாத் தமிழர்கள் ஜப்பானியரால் அழிக்கப்பட்டவர்கள் மட்டும் இல்லை. பிரிட்டிஷார் கண்ணில் தோற்றுப்போன எதிரியின் பக்கம் நின்றவர்களும் அவர்களே. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் தப்பிக்க அந்தச் சீருடையை அணிந்தவர்களும் உண்டு, விடுதலை வேட்கையால் அணிந்தவர்களும் உண்டு. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான ஒரே லயத்தில், ஒரு வீட்டில் சயாமில் இறந்தவரின் விதவையும், அடுத்த வீட்டில் ஜப்பானியரோடு தோளுரசிப் பர்மா எல்லை வரை போய் வந்த இளைஞனும் இருந்தார்கள் என்பதே உண்மை நிலை. பழி என்று தொடங்கியிருந்தால் அந்த இளைஞன் தப்பியிருப்பானா?

அவனுக்குக் கிடைத்தது விடுதலை. டில்லிச் செங்கோட்டை வழக்கில் அந்த இராணுவத்தின் அதிகாரிகளான ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவருக்கும் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் தள்ளுபடி செய்தார். நேதாஜியோடு நின்றதற்காகச் சாங்கி சிறையில் வைக்கப்பட்டிருந்த ஜான் திவி வெளியே வந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரானார். பிரிட்டிஷாரின் நெஞ்சம் திடீரென்று இளகிவிட்டதால் இது நடக்கவில்லை. இந்தியா முழுவதும் தெருவில் இறங்கிவிடும் என்ற அச்சமே காரணம். இரக்கத்தின் வேர் எப்போதும் தூய்மையாக இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அச்சத்தால் தப்பிய உயிரும் உயிர்தான். அந்த உயிர்கள்தாம் பிறகு இந்நாட்டில் சங்கங்களும் பள்ளிகளும் கட்டின.

இரக்கத்தை மறுத்துவிட்டதற்கும் சான்று கோலாலம்பூரிலேயே உண்டு. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்து, பின்னர் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரான எஸ். ஏ. கணபதி, அவசரகாலச் சட்டத்தின்கீழ்த் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக, நேருவின் அரசு கருணை கோரியும் பயனின்றி, 1949 மே 4 ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிரோடு இருந்திருந்தால் தோட்டத் தொழிலாளர் அரசியல் எப்படிப் போயிருக்கும் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. (அந்தச் சிறை நின்ற நிலத்தில் இன்று ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் பேரங்காடி நிற்கிறது. வார இறுதிகளில் நம் பிள்ளைகள் அங்கே கூடுகிறார்கள். இதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் காலம் செய்யும் சமரசத்தையும் மனிதர் செய்யும் சமரசத்தையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.)

நம் இலக்கியம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று வழக்கமாகக் கேட்பார்கள். உடனே "இன்னா செய்தாரை" என்று தொடங்கிவிடுவதும் வழக்கம். தமிழ் மரபு முழுவதும் கருணை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். பகைவரின் கோட்டைக்குள் கழுதை பூட்டி உழுது பாழ்படுத்தியதைப் புறநானூற்றின் 15 ஆம் பாட்டு பாண்டியனின் புகழாகவே பாடுகிறது. பினாங்குக்கு எதிர்க்கரையிலிருக்கும் கடாரத்தைப் பதினோராம் நூற்றாண்டில் சோழர் படை தாக்கியதை நாமும் மேடைதோறும் மார்தட்டிச் சொல்கிறோம். வீரராசேந்திரன் கடாரத்தைக் கைக்கொண்டு, தன் காலடியில் பணிந்த மன்னனுக்கே திருப்பிக் கொடுத்ததாக அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்வதை யாரும் சொல்வதில்லை. இரண்டுமே நம்முடையவை; எதை எடுப்பது என்பது நம் பொறுப்பு.

நான் எடுப்பது கோவூர் கிழார் பாடிய 46 ஆம் புறப்பாட்டை. தோற்கடிக்கப்பட்ட மலையமானின் குழந்தைகளை யானைக் காலில் இடக் கிள்ளிவளவன் ஆயத்தமாகிவிட்டான். அவர்கள் தந்தை குற்றமற்றவன் என்று புலவர் வாதாடவில்லை. மன்னனின் முன்னோன் ஒரு புறாவுக்காகத் தன்னையே கொடுத்தவன் என்று ஒரு வரியில் நினைவூட்டுகிறார். இந்தப் பிள்ளைகளின் குலம், அறிவை உழுது உண்ணும் புலவரின் வறுமை கண்டு தம் உணவைப் பகிர்ந்துகொண்ட குலம் என்கிறார். பிறகு "களிறுகண்டு அழூஉம் அழாஅல் மறந்த புன்தலைச் சிறாஅர்" என்று, யானையைக் கண்டு அழத் தொடங்கி, பின் மன்றத்தில் கூடியிருக்கும் புதிய முகங்களை மருண்டு பார்த்ததில் அழுகையையே மறந்துவிட்ட பிள்ளைகளைக் காட்டுகிறார். கேட்டாயானால் நீ விரும்பியதைச் செய் என்று முடித்துவிடுகிறார். வெற்றி பெற்றவனின் கையிலிருந்து அதிகாரத்தைப் பறிக்காமல், அவன் எதைச் செய்யப் போகிறான் என்பதை மட்டும் அவன் கண்ணுக்குக் காட்டும் பேச்சு அது. பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது.

வள்ளுவரிடமும் படைச்செருக்கு அதிகாரத்தில், துறவிகளுக்குச் சொல்லப்படாத, போர்வீரனுக்கே சொல்லப்பட்ட ஒரு குறள் இருக்கிறது: "பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால் ஊராண்மை மற்றதன் எஃகு." பகைவரை அஞ்சாது எதிர்ப்பது வீரம், அந்தப் பகைவருக்கே ஒரு தாழ்வு வந்தபோது உதவுவது அந்த வீரத்தின் கூர்முனை. பழிவாங்க வலுவில்லாதவரின் ஆறுதலா என்ற உங்கள் ஐயத்துக்கு இந்த இடத்தில் விடை இருக்கிறது. இரக்கம் என்று அழைக்கத் தகுவது, திருப்பி அடிக்கக்கூடிய நிலையில் இருப்பவர் அடிக்காமல் விடுவதை மட்டுமே. 1942 இல் ஜப்பானியச் சிப்பாய்க்கு முன்னால் உங்கள் கொள்ளுப்பாட்டி குனிந்து வணங்கினாரென்றால் அது அச்சம். 1946 இல் அதே சீருடைக்காரன் குனிந்து மண் வெட்டும்போது, ஏசினாலும் கல்லெடுத்தாலும் கேட்க நாதியில்லாத அவனுக்குக் கிழங்கு கொடுத்தது அச்சமாக இருக்க வழியில்லை. அந்தச் சிப்பாய்களைப் போர்க்கைதிகள் என்றுகூட ஏற்காமல், சரணடைந்த படையினர் என்று வேறொரு பெயரிட்டு, போர்க்கைதிக்குரிய உரிமைகள் இல்லாமல் 1947 வரை பிரிட்டிஷார் வேலை வாங்கினார்கள். இழந்தவள் சோறு கொடுத்தாள். வென்றவன் கூலி மிச்சம் பிடித்தான்.

இனி, நான் கோபப்படும் பகுதி. 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, 14 ஆம் விதியின்படி நேச நாடுகள் தங்களுக்கும் தங்கள் குடிமக்களுக்கும் உரிய போர் இழப்பீட்டு உரிமைகளை விட்டுக்கொடுத்தன. மலாயாவுக்காகக் கையெழுத்திட்டது பிரிட்டன். 16 ஆம் விதியின்கீழ் ஜப்பானியச் சொத்துகளை விற்று வந்த பணத்தில் பிரிட்டிஷ் முன்னாள் போர்க்கைதிகளுக்கு ஆளுக்கு 76 பவுண்டு சொச்சம் கிடைத்தது. அவர்களுக்கே அது அற்பமாகத் தோன்றியது. அதே பாதையில் அவர்களைவிடப் பன்மடங்கு மாண்ட தோட்டத் தொழிலாளருக்கு அதில் பங்கு இல்லை. பின்னர் 1967 செப்டம்பரில் மலேசியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்பில் இரண்டு சரக்குக் கப்பல்கள் வந்தன. போர்க்கணக்கு தீர்ந்தது என்று எழுதிக்கொள்ளப்பட்டது. இளம் நாடு ஒன்றுக்குக் கப்பல்கள் தேவைப்பட்டிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சயாமில் மகனைப் பறிகொடுத்த தாய்க்குக் கப்பலில் என்ன பங்கு? அவளிடம் யார் கேட்டார்கள்? தன் கையிலில்லாத கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு வள்ளல் என்று பெயரெடுப்பதை இரக்கம் என்று என்னால் அழைக்க முடியாது.

சான் பிரான்சிஸ்கோவில் மிகுந்த கைதட்டல் பெற்ற உரை இலங்கை நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவினுடையது. பகை பகையால் தணியாது, அன்பினாலேயே தணியும் என்ற புத்தர் வாக்கை எடுத்துக்காட்டி, 1942 இல் குண்டுவீச்சுக்கு உள்ளான தம் நாடு இழப்பீடு கேட்காது என்றார். ஜப்பான் அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறது. நல்ல உரைதான், அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது குடியரசுத் தலைவராக இருந்தவரும் அவரே என்பதைத் தமிழ் வாசகர் எவரும் மறக்க மாட்டார். தொலைவிலுள்ள, வாணிகம் செய்யப்போகிற பழைய எதிரியை மன்னிப்பது சிரமமில்லை. அண்டை வீட்டில் இருக்கிற, நாளையும் முகத்தில் விழிக்க வேண்டிய எதிரியிடம்தான் சோதனை. அதே தீவில், துட்டகைமுனு தான் வென்று கொன்ற எல்லாளனுக்கு உரிய மரியாதையோடு ஈமச்சடங்கு செய்து, நினைவிடம் எழுப்பி, அவ்வழியே போகிறவர்கள் இசைக்கருவிகளை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்று கட்டளையிட்டதாக மகாவம்சமே பெருமையோடு சொல்கிறது. 2009 இல் போர் முடிந்த பிறகு, புலிகளின் கல்லறைகளான மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன; கோப்பாயில் அதே நிலத்தில் படைத்தலைமையகம் எழுந்தது. செத்த எதிரியால் இனி ஒரு தீங்கும் வராது. அவனுடைய கல்லறையைக்கூட விட்டுவைக்க முடியாதவர்களிடம் உயிருள்ளவனுக்கான இரக்கத்தை எங்கே தேடுவது?

மன்னிப்பு உண்மையில் எப்படி நிகழ்கிறது என்பதற்கு ரயில் பாதையிலிருந்தே ஒரு சான்று உண்டு. எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, 1943 இல் முகாமில் இரகசிய வானொலி வைத்திருந்ததற்காகக் காஞ்சனபுரியில் கெம்பித்தாயிடம் சிக்கிக் கொடுமைப்பட்டவர். விசாரணையில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்த நாகாசே தகாஷியின் குரலை அவர் ஐம்பது ஆண்டுகள் வெறுத்தார். கையில் கிடைத்தால் கொல்ல வேண்டும் என்றே எண்ணியிருந்தார். நாகாசேயோ போர் முடிந்த சில வாரங்களில் நேச நாட்டாரின் கல்லறைகளைத் தேடிய குழுவோடு அந்தப் பாதை நெடுகப் போனவர். தம் தரப்பு செய்ததைக் கண்ணால் கண்டபின், வாழ்நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் தாய்லாந்துக்கு வந்து பரிகாரம் தேடியவர். 1993 இல் இருவரும் காஞ்சனபுரியில் சந்தித்தார்கள். பின்னர் லோமாக்ஸ் அவரை மன்னித்தார். இதில் நான் கவனிப்பது, லோமாக்சுக்கு மன்னிக்க ஒரு முகமும் பெயரும் இருந்தன என்பதும், எதிரில் நின்றவர் "நான் அங்கே இருந்தேன், நடந்தது உண்மை" என்று சொன்னார் என்பதும்தான். அப்படி ஒருவர் நம் தோட்டத்து விதவைகளின் வாசலுக்கு வந்து நிற்க வழியே இருக்கவில்லை. நாகாசே துணைபோன குழு தேடியதும் தமிழர் புதைகுழிகளை இல்லை. காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்கள் மொத்தமாகப் புதைக்கப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள். மலேசியத் தமிழர் முயற்சியால் அங்கே ஒரு நடுகல் எழ எண்பது ஆண்டுகள் ஆயின.

ஆகவே உங்கள் வீட்டில் துரோகம் என்று சொல்லும் சாராரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது; அது தவறான ஆள்மீது பாய்கிறது. கொள்ளுப்பாட்டி தமக்குச் சொந்தமான பகையை மட்டுமே கீழே வைத்தார். கணவரின் பெயரை அழிக்கச் சம்மதித்து எந்தத் தாளிலும் அவர் கைநாட்டு வைக்கவில்லை. அந்தக் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. அதைக் கேட்பதற்கு ஒரு ஜப்பானியரையும் வெறுக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய இடங்களில் தோக்கியோ மட்டும் இல்லை, லண்டனும் புத்ராஜெயாவும் உண்டு.

செய்யக்கூடியது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொள்ளுத்தாத்தாவின் முழுப்பெயர், அவருடைய தகப்பனார் பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர், எந்த ஆண்டு போனார், அவரோடு போனவர்கள் யார் என்பவற்றை, உயிரோடிருக்கும் மூத்தவர்களிடம் கேட்டுக் குரலாகவும் எழுத்தாகவும் பதிந்து, ஒரு படியைக் கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பிக்க முடியுமா என்று விசாரியுங்கள். தோட்டத்தின் பெயரைக் குறிக்கும்போது கவனம் தேவை. நம்மவர்கள் தோட்டங்களைத் தாங்கள் வைத்த தமிழ்ப் பெயரால்தான் அழைத்தார்கள். கம்பெனி ஏடுகளிலும் பிரிட்டிஷார் தொகுத்த பதிவுகளிலும் ஆங்கிலப் பெயர்தான் இருக்கும். இன்று அந்த இடம் ஒரு தாமானாக (வீடமைப்புப் பகுதியாக) மாறியிருந்தால் மூன்றாவதாக ஒரு மலாய்ப் பெயரும் இருக்கும். மூன்றையும் எழுதி வையுங்கள்.